ரெண்டாவது மிதி

வனமாமலைக்கு உடம்பு அடித்துப் போட்ட மாதிரி இருந்தது. காலை ஷிப்ட் ஆட்களை ஒரகடம் கம்பெனியில் இறக்கிவிட்டுப் படப்பைக்குத் திரும்பியதும், வேன் சாவியைப் பக்கத்து வீட்டு டிரைவர் கொம்பையாவிடம் கொடுத்தான். மதிய ஷிப்ட் பெண்களை அவன் கூட்டிப் போகட்டும், ஒரு நாளாவது படுப்போம் என்றுதான். "பாத்துப் போடே" என்றான். பாத்துப் போகணுமாம்! எதைப் பார்ப்பது என்று சொன்னானா பாவி?

பாயில் சாய்ந்த பிறகுதான் பிரேக் ஞாபகம் வந்தது. பிரேக்கை மிதித்தால் ஆயில் குழாய் வழியே தள்ளிக்கொண்டு போய்ச் சக்கரத்தைப் பிடிக்க வைக்க வேண்டும். அந்த வேனில் எங்கோ கசிந்து, குழாயில் காற்று புகுந்திருந்தது. ஆயில் அமுங்காது, காற்று அமுங்கிவிடும். முதல் மிதியில் பெடல் பஞ்சு மாதிரி தரைவரைக்கும் இறங்கும். ரெண்டாவது மிதியில்தான் பிடிக்கும். வண்டி முதலாளியிடம் சொல்லிப் பார்த்தான். "அடுத்த மாசம் பாக்கலாம்ப்பா" என்றார். இவனும் சலித்துப்போய் ரெண்டு மிதிக்குக் காலைப் பழக்கிக்கொண்டான். பழகின பிறகு அது கோளாறு என்பதே மறந்துபோனது.

கொம்பையாவுக்கு போன் போட்டான். அடித்துக்கொண்டே இருந்தது. ஓட்டும்போது எடுக்க மாட்டான், ஒழுங்கான டிரைவர். தன் பெண்டாட்டி சுகப்பிரியாவும் அந்த வேனில்தான் வேலைக்குப் போகிறாள். அவளுக்குப் போட்டான். தலைமாட்டிலேயே மணி அடித்தது. கம்பெனிக்குள் போன் கூடாதென்று அவள் வீட்டில்தான் வைத்துவிட்டுப் போவாள்.

சட்டைப் பொத்தானைக்கூடப் போடாமல் ரோட்டுக்கு ஓடினான். வேன் கிளம்பவே இல்லை. பெண்கள் கழுத்தில் அட்டை தொங்க வெயிலில் நின்றார்கள். வண்டியை எடுக்கும் முன் பெடலை ஒரு தரம் அமுக்கிப் பார்ப்பது கொம்பையாவின் வழக்கம். அது தரைவரைக்கும் போனதும் எல்லாரையும் இறக்கிவிட்டு, போனை சீட்டில் போட்டுவிட்டு, வண்டிக்கு அடியில் படுத்துக் கிடந்தான்.

வனமாமலைக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

கொம்பையா தலையை வெளியே நீட்டினான். "காலையில இப்படியேவாடே ஓட்டுன?"

"ரெண்டு வாட்டி மிதிச்சா பிடிச்சிரும்லா."

சொன்ன பிறகுதான் சுகப்பிரியா கேட்டுக்கொண்டு நிற்பதைப் பார்த்தான். அவள் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

"அப்போ தெனமும் தெரிஞ்சேதான் எங்கள ஏத்திட்டுப் போனியளா?"

அவள் ஷேர் ஆட்டோவுக்குக் கை காட்டினாள். மற்ற பெண்களும் அவள் பின்னாலேயே போய் நெருக்கியடித்து ஏறினார்கள்.

"நீங்க போயித் தூங்குங்க," என்றாள், அவன் முகத்தைப் பார்க்காமல்.