ரெவரெண்ட் கால்டரின் ஆசாரம்

மாண்ட்ரியல் மாநகரப் பெருமக்கள் அனைவருக்கும் அறிவிக்கப்படுவது யாதெனில்: ஆதாம் சபையின் நிறுவனரும் மெய்ந்நெறி முழங்கும் சிங்கமுமாகிய ரெவரெண்ட் கால்டர் அவர்கள், 1972 பிப்ரவரி மாதத்து வெள்ளிக்கிழமை ஒன்றில், முதன்முறையாக ஒரு தமிழன் வீட்டுக்குள் காலடி எடுத்து வைத்தார். அதற்கு அந்தத் தமிழன் செத்துப்போக வேண்டியிருந்தது.

கீழ் வாசலில் அவர் மணியை அழுத்தியபோது, அனுசூயா அப்பாவின் கால் கட்டைவிரல்களைச் சேர்த்துக் கட்டிக்கொண்டிருந்தாள். டெலிபோன் எஞ்சினியர் ஆனந்தகிருஷ்ணன் காலையில் ஷூ கட்டக் குனிந்தவர், நிமிரவில்லை. டாக்டர் வந்து பார்த்து, கையெழுத்துப் போட்டுவிட்டுப் போய்விட்டார். சவ வண்டி பனியில் எங்கோ மாட்டிக்கொண்டிருந்தது. கோட்-டெ-நெய்ஜ் பகுதி அடுக்குமாடி ஒன்றின் ஐந்தாம் மாடி ஹாலில், தெற்கே தலைவைத்து, யாருக்காவது உபகாரம் செய்யக் காத்திருப்பவர்போல அவர் கிடந்தார்.

"யாருடீ?" என்றாள் அம்மா அம்புஜம். அனுசூயா எழுந்துபோய் இன்டர்காமில் கேட்டாள்.

"ரெவரெண்ட். டேப்புக்கு வந்திருக்கார்."

"அவருக்கு விஷயம் தெரியாது பாவம். வரச் சொல்லு."

ஒன்பது கிழவிகளை வைத்து ஒரு நிலவறையில் தொடங்கிய சபை இரண்டே வருஷத்தில் தொலைதூரக் கல்கரி வரை பரவியதற்குப் பரிசுத்த ஆவியே காரணம் என்று ரெவரெண்ட் நம்பினார். உண்மையான காரணம் ஆனந்தகிருஷ்ணன். மூன்று டேப்-ரெக்கார்டர் மெஷின்களைக் கோத்து, வாராவாரம் பிரசங்கத்தைப் பிரதியெடுத்துக் கொடுத்தார். தபாலில் அது ஊர் ஊராகப் போயிற்று. அதில் என்ன இருக்கிறது என்று அவர் கேட்டதே இல்லை. ஒலி அளவு காட்டும் ஊசி சிவப்புக்குப் போகாமலிருந்தால் அவருக்குப் போதும்.

ரெவரெண்ட் எப்போதும் வாசலோடு நிற்பார். காபியைத் தொடமாட்டார். டேப்பைக்கூட ஸ்டூலில் வைத்தால்தான் எடுத்துக்கொள்வார். கைக்குக் கை வாங்கமாட்டார்.

"வெள்ளைக்காரன்ல இப்படி ஒரு மடி ஆசாரம் பாத்திருக்கியோ அம்புஜம்?" என்று ஆனந்தகிருஷ்ணன் பூரித்துப்போவார்.

அனுசூயா அந்த டேப்புகளை ஹெட்போன் மாட்டிக் கேட்டிருக்கிறாள். வெள்ளைக்காரர் மட்டும்தான் ஆதாமின் பிள்ளைகளாம். மற்றவர்கள் அதற்கு முன்னாலேயே மிருகங்களோடு மிருகமாகப் படைக்கப்பட்டவர்கள், ஆத்மா கிடையாது. அப்பாவிடம் சொன்னபோது சிரித்தார். "அது நம்மளைச் சொல்லலைடீ. கறுப்பாளைச் சொல்றார், அவா வேற." அப்படியொரு பிரசங்கம் தபாலில் போன சில நாளில், டிரினிடாட்காரர் ஒருவரின் மளிகைக்கடை எரிந்தது. இந்த வார டேப்பில் ரெவரெண்ட் பின்தெருக் கட்டடத்தைப் பெயர் சொல்லியே பேசியிருந்தார். ஜமைக்கா நர்ஸுகள் குடியிருக்கும் கட்டடம். அடுத்த வாரம் சனிக்கிழமை சபையார் எல்லோரும் திரண்டுபோய் 'புத்தி சொல்லிவிட்டு' வர வேண்டுமாம். அப்பா இன்னும் பிரதி எடுத்திருக்கவில்லை. இருப்பது ஒரே டேப்.

லிஃப்ட் மேலே ஏறும் சத்தம் கேட்டது. அனுசூயா அப்பாவின் அறைக்குள் ஓடினாள்.

டேப் அழிக்கும் காந்தம் மேஜைமேல் இருந்தது. இஸ்திரிப்பெட்டி அளவு இருக்கும். சுவிட்சைப் போட்டால் வண்டுபோல உறுமும். டேப்பைக் கீழே வைத்து, அப்பா செய்வதுபோல அதன்மேல் காந்தத்தை மெதுவாகச் சுற்றினாள். வெளியே கதவு திறந்தது.

ஸ்டூல் வாசலில் இல்லை. அப்பாவின் தலைமாட்டில் விளக்கைத் தாங்கிக்கொண்டிருந்தது. வேறு வழியில்லாமல்தான் ரெவரெண்ட் உள்ளே வந்தார். பின்னால் ஒரேமாதிரி முடிவெட்டிய இரண்டு வாட்டசாட்டமான ஆட்கள். ஒருவன் தலையைச் சாய்த்து, அது என்ன சத்தம் என்றான். அறையை நோக்கி நடந்தான்.

காலையிலிருந்து உட்கார்ந்த இடத்தைவிட்டு அசையாத அம்புஜம் எழுந்து அவன் குறுக்கே நின்றாள்.

"ஃப்ரிட்ஜ்," என்றாள். "ஓல்டு ஃப்ரிட்ஜ்."

சமையலறை எதிர்ப்பக்கம் இருந்தது. அவன் அதைப் பார்த்தான், பிறகு அவளைப் பார்த்தான். உறுமல் நின்றது.

அனுசூயா டேப்போடு வெளியே வந்தாள். வைக்க இடமில்லை. நீட்டினாள். ரெவரெண்ட் கையைக் கோட்டுப் பையிலிருந்து எடுக்கவில்லை. அந்த ஆள்தான் கையுறையைக் கழற்றாமல் வாங்கி, வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தான். அழிந்த டேப்பும் அழியாத டேப்பும் பார்வைக்கு ஒன்றுதான் என்பது அனுசூயாவுக்குத் தெரியும்.

மந்திரம் தெரிந்த ஆளைத் தேடிச் சமையலறையிலிருந்து டொராண்டோவுக்கு போன் போட்டுக்கொண்டிருந்த கணிதப் பேராசிரியர் நாகசுப்பிரமணியன், அப்போது பார்த்து வெளியே வந்தார். அப்பாவின் சிநேகிதர். பாதிரியைக் கண்டதும் அவர் முகம் மலர்ந்தது. நல்ல சமயத்தில் வந்தீர்கள், ஒரு பிரார்த்தனை சொல்லுங்கள் என்று இங்கிலீஷில் கேட்டுக்கொண்டார்.

ரெவரெண்ட் கீழே கிடந்தவரைப் பார்த்தார். விளக்குத் திரி சிறிதாகப் பொரிந்தது.

உபயோகமான ஆள் என்றார். போய்விட்டார்.

"இங்கிலீஷ்காரா அளந்துதான் பேசுவா," என்றார் நாகசுப்பிரமணியன். திரும்பவும் போனுக்குப் போனார்.

அம்புஜம் கதவைத் தாழிட்டுச் சங்கிலியும் போட்டாள்.

"நன்னா அழிஞ்சுதா?"

"உனக்கு... தெரியுமா?"

"வாராவாரம் பழைய டேப்பை அழிக்க உங்கப்பா போட்டுண்டிருந்த சத்தம்தானே." முந்தானையால் அவர் நெற்றியைத் துடைத்தாள். "அவா திரும்பி வந்து கேட்டா என்ன சொல்றது?"

"மெஷின் ரிப்பேர்னு சொல்லலாம்."

"அவர் மெஷின் ரிப்பேர்னா யாருடீ நம்புவா?"

லிஃப்ட் மறுபடி மேலே வந்தது. அம்புஜம் கதவில் காதை வைத்தாள். சவ வண்டிக்காரர்கள்தான். சங்கிலியை எடுத்தாள். அன்று தகனம் முடிந்து வந்த பிறகும், மறுநாள் பகல் முழுக்கவும், லிஃப்ட் நகர்ந்தபோதெல்லாம் அம்மாவும் பெண்ணும் பேச்சை நிறுத்தினார்கள். யாரும் வந்து கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ரெவரெண்ட் கால்டர் நர்ஸுகளின் கட்டடத்தைப் பற்றிய அதே பிரசங்கத்தை மறுபடியும் செய்தார், இன்னும் கொஞ்சம் நீளமாக.