கைக்கு வந்த வார்த்தை

1

இந்தக் கதைக்குக் காரணம் என் அறையில் தொங்கும் ஒரு துணித்திரை.

நான் பிசியோதெரபிஸ்ட். மலேசியாவின் வடக்கே, நெல்வயல்களுக்கு நடுவில் இருக்கும் ஒரு விளையாட்டு மையத்தில் வேலை. அறையில் இரண்டு கட்டில்கள், நடுவே திரை. இந்தப் பக்கம் ஒருவருக்குக் கணுக்கால், அந்தப் பக்கம் இன்னொருவருக்குத் தோள்பட்டை. திரை ஆளை மறைக்கும், பேச்சை மறைக்காது. அதனால் எனக்குத் தெரியவந்த கதைகள் நிறைய, எழுதியவை குறைவு. இதை எழுத உட்கார்ந்ததற்குக் காரணம், இதில் வரும் ஒரு சொல்லைத் தமிழில் எழுதிப் பார்த்தபோது எனக்கு ஏற்பட்ட சங்கடம்.

எழுதலாமா என்று, அந்தச் சொல்லை எழுதிய ருஸ்டியிடம் கேட்டேன். "தமிழ்லதானே அக்கா? எங்கம்மாவால படிக்க முடியாது. எழுதிக்குங்க" என்றான். ஜுரைடாவிடம் கேட்டேன். "என் எடையை மட்டும் போட்டுடாதே" என்றாள்.

[இருவரும் பேசியது மலாய். என் காதில் அது எப்படி விழுந்ததோ அப்படித் தமிழில் தருகிறேன். பெயர்களை மாற்றியிருக்கிறேன்.]

2

தொடக்கம் ஒன்று: "தக்ராவ் லீக் இறுதி ஆட்டத்தில் ஹெலாங் பாடி கழகம் நேர் செட்களில் தோல்வி கண்டது." இது பத்திரிகைச் செய்தி. இதில் யாருக்கும் வியர்க்கவில்லை.

தொடக்கம் இரண்டு: "ஒரே ஒரு சொல் ஒரு மனிதனின் வாழ்க்கையையே—" இப்படி ஆரம்பிக்கும் கதையை நானே படிக்கமாட்டேன்.

தொடக்கம் மூன்று. ருஸ்டியின் பாதத்திலிருந்து ஆரம்பிக்கிறேன், எனக்கு நன்றாகத் தெரிந்தது அதுதான். தக்ராவ் காலால் ஆடும் ஆட்டம். பிரம்புப்பந்தை வலைக்கு மேலே உதைத்து அனுப்ப வேண்டும். ருஸ்டியின் வேலை, வலைக்கு முதுகைக் காட்டி எம்பி, காற்றில் ஒரு குட்டிக்கரணம் அடித்து, தலைக்கு மேலே வந்த காலால் பந்தை எதிராளி மண்ணில் இறக்குவது. அதற்காக அவன் கணுக்கால் கொடுக்கும் விலை என் கையில் தெரியும். அம்மா மீன்சந்தை முனையில் வாழைப்பழம் பொரித்து விற்கிறார். அந்தப் பலகாரக் கடையின் பின்சுவரில் பந்தை உதைத்து உதைத்து வளர்ந்தவன். தேசிய அணித் தேர்வுக்கு அவன் பெயர் போயிருந்தது.

அந்த இறுதி ஆட்டத்தில் அவன் உதைத்த கடைசிப் பந்து வலையில் பட்டு அவன் காலடியிலேயே விழுந்தது. திரும்பிவரும் பேருந்தில் அவன் கைபேசியை எடுத்தான்.

3

தன் இணையப் பக்கத்தில் அவன் எழுதியது இரண்டே வாக்கியம். அதில் இருந்த மலாய்ச் சொல்லுக்கு ஓட்டைவிழுந்த பானையும் பொருள், கால் விளங்காத மனிதரும் பொருள். அதைத் தமிழில் எப்படித் தருவது?

'இன்று நாங்கள் ஆடியது மாற்றுத்திறனாளி ஆட்டம்' என்று எழுதிப் பார்த்தேன். அரசாங்கச் சுற்றறிக்கை போல இருந்தது. இதைப் படித்து யாருக்குக் கோபம் வரும்? 'ஊனமான ஆட்டம்' என்று எழுதினேன். இது நூல் விமர்சனத்தில் வரும். அவன் எழுதியது இதுதான்:

"இன்னிக்கு நாங்க ஆடினது நொண்டி ஆட்டம். நொண்டிக் கூட்டம் நாங்க."

கூடவே கண்ணீர் வரச் சிரிக்கும் மஞ்சள் முகங்கள். எழுதிவிட்டு அவன் தூங்கிப்போனான். நான் இதை எழுதிவிட்டு எழுந்துபோய்த் தண்ணீர் குடித்தேன்.

காலையில் அவன் விழிப்பதற்குள் அது நாடெங்கும் போய்விட்டது. முதலில் அதை எடுத்துப் பகிர்ந்தவர் தெற்கே ஒரு பள்ளி வாகன ஓட்டுநர். "என் மகள் சக்கர நாற்காலியில் இருக்கிறாள். ருஸ்டியின் படத்தைக் கட்டிலுக்கு மேல் ஒட்டிவைத்திருக்கிறாள். இதை அவளுக்கு எப்படிப் படித்துக்காட்டுவது என்று யாராவது சொல்லுங்கள்" என்று எழுதியிருந்தார். சத்தம் போடாமல் கேட்டிருந்தார். அதனாலேயே எல்லாருக்கும் போய்ச் சேர்ந்தது.

கழகம் அவனை அந்தப் பருவம் முழுக்க நிறுத்திவைத்தது. தேர்வுப் பட்டியலிலிருந்து பெயர் போனது. கழகச் செயலாளர் பஹ்ரின் ஒரு மன்னிப்பு எழுதிக் கொடுத்தார். "எவருடைய மனமேனும் புண்பட்டிருந்தால்" என்று தொடங்கியது. ருஸ்டி அதை அப்படியே போட்டான். அந்த 'இருந்தால்' இன்னும் கொஞ்சம் பெட்ரோல் ஊற்றியது.

4

இங்கே ஒரு சந்தேகம். ருஸ்டியை நான் நம்புகிறேனா?

ஒரு வரைவில் அவனைத் திமிர் பிடித்தவனாக எழுதினேன். விலையுயர்ந்த காலணி, கறுப்புக் கண்ணாடி. கதை சுலபமாக நகர்ந்தது. ஆனால் அவன் அப்படியில்லை. என் அறைக்கு வரும்போது அம்மா பொரித்த வாழைப்பழத்தை எண்ணெய்க் காகிதத்தில் சுற்றிக் கொண்டுவருபவன். அடுத்த வரைவில் அவனை அப்பாவியாக்கினேன். அதுவும் பொய்யாகப் பட்டது; திருத்தும்போது ஒரு வாக்கியம் இப்படி வந்தது:

"களைப்பில் எழுதிவிட்டேன் என்று ருஸ்டி சொன்னது வெறும் நொண்டிச்சாக்கு என்று எனக்கு—"

நிறுத்தினேன். வாக்கியத்தை அப்படியே விட்டிருக்கிறேன், நீங்களும் பாருங்கள். அவனைக் குறைசொல்ல நான் எடுத்த சொல்லும் அதே பெட்டியிலிருந்துதான் வந்தது. நான் பேருந்தில் இல்லை, தோற்கவும் இல்லை. மேசையில் தேநீர் இருந்தது. நிதானமாகத்தான் எழுதிக்கொண்டிருந்தேன்.

(பிறகு உட்கார்ந்து யோசித்தேன். குருட்டு அதிர்ஷ்டம், ஊமை வெயில், செவிடன் காதில் ஊதிய சங்கு. தமிழ் வாத்தியார் மகள் நான். இன்னும் எழுதிக்கொண்டே போகலாம்.)

5

ஜுரைடாவை இவ்வளவு தாமதமாகக் கொண்டுவந்தது தப்பு. அவள் பாரம் தூக்குபவள். பிறவியிலேயே முழங்காலுக்குக் கீழே கால்கள் வளரவில்லை. பலகையில் மல்லாந்து படுத்து, கம்பியை மார்புவரை இறக்கி, நேராக மேலே தள்ளும் போட்டி அவளுடையது. ஆசியப் பதக்கம் ஒன்று உண்டு. எங்கள் மையத்தில் ருஸ்டி பயிற்சி செய்யும் கூடத்துக்கு அடுத்த கூடம். நிருபர்கள் அவளைத் தேடி வந்தார்கள். "எனக்குத் தகுதிச்சுற்று இருக்கு" என்று சொல்லி சக்கர நாற்காலியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டாள்.

பஹ்ரின் விடவில்லை. அவள் தோளுக்கு நான் வெந்நீர்ப்பை வைத்துக்கொண்டிருந்தபோது உள்ளே வந்தார்.

"அஞ்சு நிமிஷ வேலை, ஜுரைடா. அவன் பூங்கொத்து குடுப்பான், நீ வாங்கிக்க. ஒரு படம். அவ்வளவுதான்."

"எதுக்குப் பூ? எனக்குப் பிறந்தநாள் இல்லியே பாஸ்."

"ரெண்டு பேருக்கும் நல்லது லா."

"எனக்கு என்ன நல்லது?"

பஹ்ரின் கொஞ்சம் யோசித்தார். "உன் பேரு வெளியில தெரியும்."

"பதக்கம் வாங்கினப்ப தெரியாத பேரு, பூ வாங்கினா தெரியுமா?" அவள் குரல் உயரவில்லை. "என் முகத்தை வெச்சு அவன் முகத்தைக் கழுவாதீங்க. தண்ணி இருக்கு, அதுல கழுவச் சொல்லுங்க."

அவர் என்னைப் பார்த்தார். நான் வெந்நீர்ப்பையைப் பார்த்தேன்.

6

இதற்குப் பிறகு நடந்ததுதான் என்னை எழுத வைத்தது.

ருஸ்டியின் பக்கத்தில் வந்து குவிந்த பதில்களைத் தோள்சிகிச்சை நேரத்தில் ஜுரைடா படிப்பாள். முதலில் சிரித்தாள். சிலதைச் சத்தமாக வாசித்தாள். ஒருநாள் வாசிப்பதை நிறுத்திவிட்டாள். கைபேசியை என் பக்கம் திருப்பினாள்.

"அக்கா, இவங்க எல்லாம் என் கட்சியாம். பாரு."

'இவன் காலும் போகணும்.' 'லாரி ஏறட்டும், அப்பத்தான் அந்த வலி புரியும்.' 'கடவுளே, இவனை நாற்காலியில் உட்கார வை.' ஒவ்வொன்றுக்கும் கீழே நூற்றுக்கணக்கில் இதயங்கள்.

"இவன் எங்களைக் கெட்ட ஆட்டம்னான். இவங்க எங்களை நரகம்ங்கறாங்க" என்றாள். "அவனுக்குக் குடுக்கறதுக்கு இதைவிடப் பெரிய தண்டனை தெரியல. என்னை மாதிரி ஆகணும். அதான் தண்டனை."

மீன்சந்தை முனையில் ருஸ்டியின் அம்மாவிடம் யாரோ இந்தப் பதில்களைப் படித்துக்காட்டியிருந்தார்கள். அவர் மோட்டார்சைக்கிள் சாவியை மாவு டின்னுக்குள் ஒளித்துவைத்துவிட்டார். மகன் தினமும் மையத்துக்கு நடந்துவந்தான். பலித்துவிடுமோ என்ற பயம் அம்மாவுக்கு; அந்தப் பயத்தைக் கேலி செய்ய மகனுக்குத் தெம்பில்லை.

நான் இதை ஜுரைடாவிடம் சொன்னேன். [சொல்லியிருக்கக்கூடாதோ? ஒருவர் சொன்னதை இன்னொருவரிடம் சொல்வது என் தொழிலுக்கு ஆகாது. ஆனால் சொன்னேன்.] அவள் அன்றே வீட்டுக்குப் போய், அந்த விவகாரத்தில் அவள் எழுதிய ஒரே பதிவை எழுதினாள்:

"என் கால்கள் யாருக்கும் தண்டனை இல்லை. என் வாழ்க்கையை எடுத்து அடுத்தவனுக்குச் சாபமாகக் கொடுக்காதீர்கள்."

சிலர் தங்கள் பதில்களை அழித்தார்கள். சிலர், கழகத்திடம் எவ்வளவு வாங்கினாய் என்று அவளைக் கேட்டார்கள். அந்த வாகன ஓட்டுநர் அவளுக்குத் தனியாக எழுதினார்: "நான் சாபம் எதுவும் எழுதவில்லை. ஆனால் எழுதியவர்களுக்கு இதயம் போட்டேன். எடுத்துவிட்டேன்."

7

திரைக்கு அந்தப் பக்கம் அவள் இருந்த ஒரு மதியம், இந்தப் பக்கம் ருஸ்டி வந்து படுத்தான். நான் கணுக்காலைப் பிடித்தேன்.

"ஜு அக்கா, நான் ருஸ்டி."

"தெரியும். உன் காலுறை வாசனை முன்னாடியே வந்துடுச்சு."

அவன் சிரிக்க முயன்றான், வரவில்லை. "மன்னிச்சுடுங்க அக்கா."

"எதுக்கு?"

"எழுதினதுக்கு."

"என்ன எழுதினே?"

அவன் கட்டில் விரிப்பின் ஓரத்தைத் திருகினான்.

"ஊரே பாக்க எழுதினவன், என் முன்னாடி சொல்ல வரலியா?"

"வரல."

"சரி, அந்த வார்த்தை எதுக்கு? வேற வார்த்தையே இல்லாமலா போச்சு?"

"யோசிக்கல அக்கா. கைக்கு வந்துச்சு, எழுதிட்டேன்."

"கைக்கு வர்ற தூரத்துல எதுக்கு வெச்சிருந்தே?"

என் விரல்கள் அவன் கணுக்காலில் நின்றுவிட்டன.

"கூடத்துல தினமும் சொல்றதுதான். தப்பா உதைச்சா கோச் சொல்வார். நாங்க ஒருத்தனை ஒருத்தன் சொல்லிக்குவோம். அது ஒரு ஆளைக் குறிக்கிற வார்த்தைன்னே தோணினதில்ல அக்கா. பக்கத்துக் கூடத்துல நீங்க இருக்கீங்க. இருந்தும் தோணல."

"நானும் சொல்லுவேன். தோள் மக்கர் பண்ற அன்னிக்கு அதை அந்த வார்த்தையாலதான் திட்டுவேன்." கட்டில் கிரீச்சிட்டது, அவள் எழுந்து உட்கார்ந்திருக்க வேண்டும். "அதனால நீ எழுதினது சரின்னு ஆயிடாது."

"ஆகாது."

"மன்னிச்சேன்னு சொல்லமாட்டேன். நான் சொன்னா எல்லாரும் சொன்னதா ஆயிடும். உன் படத்தை ஒட்டின பொண்ணு வேற, நான் வேற. அவங்கவங்க கிட்ட நீயே போ. ஆனா உன் காலு சீக்கிரம் ஆறட்டும். அதை நெஜமாத்தான் சொல்றேன்."

ருஸ்டி சத்தமில்லாமல் அழுதான். எனக்கு அது தெரிந்தது அவன் கெண்டைக்கால் நடுங்கியதில்.

அன்று மாலை அவன், பஹ்ரின் எழுதிக்கொடுத்த மன்னிப்பை அழித்தான். தானே எழுதியதில் 'இருந்தால்' இல்லை. "நான் உங்களைக் கேவலமாகப் பேசினேன். தினமும் பேசியிருக்கிறேன். நிறுத்துகிறேன்" என்று இருந்தது. நாட்டில் யாரும் அதைப் பெரிதாகப் பகிரவில்லை. ஓட்டுநரிடம் அனுமதி கேட்டு, பேருந்தேறி, அவர் வீட்டுக்குப் போனான். அந்தப் பெண் அவனிடம் வார்த்தையைப் பற்றி எதுவும் கேட்கவில்லையாம். குட்டிக்கரணம் அடித்துக் காட்டச் சொன்னாளாம். அடித்ததில் பந்து ரம்புத்தான் மரத்தில் மாட்டிக்கொண்டதாம். கட்டிலுக்கு மேல் அவன் படம் இன்னும் இருக்கிறதா என்று கேட்டேன். "சுவரைப் பாக்கத் தைரியம் வரல" என்றான்.

தேசிய அணி அந்த வருடம் அவனில்லாமல் போனது. அடுத்த பருவத்தில் கழகம் அவனை மாற்று ஆட்டக்காரனாகச் சேர்த்துக்கொண்டது. கூடத்தில் இப்போது யாராவது அந்தச் சொல்லைச் சொன்னால் அவன் பந்தை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறான். ஆட்டம் நின்றுவிடுகிறது. கோச்சுக்கு எரிச்சல்.

8

முடிக்க வேண்டும். மூன்று முடிவுகள் எழுதினேன்.

ஒன்றில் ருஸ்டி இறுதி ஆட்டத்தில் மாற்றாக இறங்கி வெற்றிப் பந்தை உதைக்கிறான். நடக்கவில்லை. இன்னும் பெஞ்சில்தான் இருக்கிறான்.

இரண்டாவது முடிவில் மழை பெய்கிறது, மோட்டார்சைக்கிள் சறுக்குகிறது. "ருஸ்டி கண்விழித்தபோது போர்வைக்குக் கீழே—" அங்கேயே நிறுத்தினேன். கதைக்கு எவ்வளவு பொருத்தமான முடிவு என்று ஒரு கணம் சந்தோஷப்பட்டேன். பிறகுதான் உறைத்தது. சாபம் விட்டவர்களும் இதே முடிவைத்தான் எழுதியிருந்தார்கள்.

மூன்றாவது, ஜுரைடாவின் தகுதிச்சுற்று. இதுவரை தூக்காத எடையை அவள் தூக்குவதாகவும் கூட்டம் எழுந்து நிற்பதாகவும் எழுதி, அவளுக்கு மலாயில் சொல்லிக்காட்டினேன்.

"அவன் தப்புப் பண்ணினான். அதுக்கு நான் ஏன் பாரம் தூக்கணும்?" என்றாள்.

"அப்படியில்ல, படிக்கிறவங்களுக்கு ஒரு நிறைவு—"

"நான் தூக்கிட்டா, 'பாருங்க, இவங்களாலயும் முடியும்'னு கண்ணைத் துடைச்சுக்குவாங்க. தூக்கலைன்னா 'பாவம்'னுவாங்க. ரெண்டும் வேணாம் அக்கா. அது என் போட்டி. உன் கதையில வைக்காதே."

தகுதிச்சுற்றன்று நான் அரங்கில் இருந்தேன், தோளுக்குப் பட்டை போட்டு அனுப்பியதே நான்தான். அவள் பலகையில் படுத்தாள். தொடைகளைப் பட்டையால் கட்டினார்கள். சுண்ணத்தூள் பூசிய கைகளை உயர்த்தினாள். தூக்கியது செல்லும் என்றால் வெள்ளை விளக்கு, செல்லாது என்றால் சிவப்பு; அதைச் சொல்ல மூன்று நடுவர்கள் காத்திருந்தார்கள். என்ன விளக்கு எரிந்தது என்று எனக்குத் தெரியும். நீங்கள் என்ன எழுதிக்கொண்டாலும் என்னால் தடுக்க முடியாது. எழுதும் முன், அவள் தூக்க வேண்டும் என்று உங்களுக்கு ஏன் அவ்வளவு ஆசை என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். நானும் அதைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

உதவியாளர் கம்பியை விட்டார். எடை அவள் கைகளுக்கு வந்தது.