பங்குக் கிணற்றுப் பாதை வழக்கு

எழுதிப் பழகாத நான் இதைச் சொல்லத் துணிந்தமையைப் பெரியோர் பொறுத்தருள வேண்டுகிறேன்.

ஊர்காவற்றுறை நீதிமன்றில் நான்கு சட்டத்தரணிகளே இருந்த நாளில் அவர்களுக்கென ஒரு சங்கத்தைத் தொடங்கியவர் சரவணமுத்து. தமக்குள் பகை மூளாதிருக்க, உறுப்பினர் ஒருவரே எதிராளியான வழக்கை வேறெந்த உறுப்பினரும் எடுப்பதில்லை என்ற விதியையும் அவரே முன்மொழிந்தார். இன்றும் அவரே தலைவர்; சங்கமோ பெருத்துவிட்டது. தீவுகளின் வழக்குகளெல்லாம் அதன் கையில்.

புளியங்கூடல் ஊரிலிருந்து நிலாந்தி அவரிடம் வந்து கதிரையின் நுனியில் அமர்ந்தாள்.

"பங்குக் கிணத்துப் பாதையை உங்கட சங்கத்து ஆள் ஒருத்தர் வேலி போட்டு அடைச்சிட்டார், ஐயா. எங்களுக்கு வேற நல்ல தண்ணி இல்லை."

"வேற சட்டத்தரணியளைப் பார்த்தனீரோ?"

"எல்லாரிட்டையும் போனனான். உங்கட விதியைச் சொல்லி ஏலாதெண்டிட்டினம்."

சரவணமுத்து வழக்கை ஏற்றுக்கொண்டார்.

சங்கச் செயலாளர் லவன், அவரிடம் தொழில் பழகியவர், அன்றே வந்தார். "அண்ணை, பெத்த பிள்ளையின்ர கழுத்தை நீங்களே திருகப் போறியளோ?"

"பிள்ளை வளர்ந்திட்டுது, லவன். இப்ப ஊர்ச்சனத்துக்கு அடிக்குது."

வழக்கு வென்றது; பாதை திறந்தது. விதியை மீறியதால் சரவணமுத்து தலைவர் பதவியை இழந்தார். சங்க உறுப்புரிமையை இழந்தார். காலைதோறும் லவனின் காரில் பண்ணைப் பாலம் கடந்து நீதிமன்றுக்கு வரும் பயணத்தையும் இழந்தார்.