நாலாவது பக்கத்துச் சுவர்

விரிசலின் குறுக்கே ஒட்டியிருந்த கண்ணாடித் துண்டு இரண்டாக உடைந்திருந்தது. சின்னவள் குனிந்து விரலால் தடவிப் பார்த்தாள். நேற்று அது முழுசாக இருந்ததை அவளே பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போனாள். சுவர் அசையாமல் அந்தக் கண்ணாடி உடையாது. அது தெரியத்தான் அதை ஒட்டுவதே.

வீட்டில்தான் அவள் சின்னவள். நகர வளர்ச்சி அலுவலகத்தில் பொறியாளர். இப்போது அவள் நின்றிருந்தது ஒரு பழைய நான்கு மாடிக் குடியிருப்பின் பின்பக்கம். அதன் இரண்டாம் மாடியில் அவளுடைய அக்கா குடியிருந்தாள். கீழே தெருவைப் பார்த்த கடையில் அக்காவின் கணவர், அதாவது மாமா, பழைய ஃப்ரிட்ஜுகளைப் பழுதுபார்த்துக்கொண்டிருந்தார். குடியிருப்போர் சங்கத்துக்கும் அவர்தான் தலைவர்.

கட்டடத்தை ஒட்டி, முன்பு பஸ் டிப்போவாக இருந்த திடலில், பெரிய குழி ஒன்று வெட்டிக்கொண்டிருந்தார்கள். ஒரு மழைக்கே இடுப்பளவு தண்ணீர் நிற்கும் பகுதி அது. நகரம் மளமளவென்று வளர்ந்து, மண் தெரிந்த இடத்தையெல்லாம் சிமெண்ட் மூடிய பிறகு, தண்ணீருக்குப் போக்கிடம் இல்லாமல் போயிற்று. பூமிக்கடியில் ஒரு மழைநீர்த் தொட்டி கட்டுவது, அதன் மேல் மரம் வைப்பது, சுற்றியிருக்கும் பழைய வீடுகளை இடிக்காமல், குடியிருப்பவர்களைக் கிளப்பாமல் செப்பனிடுவது. இந்தத் திட்டத்தை வரைந்ததே சின்னவள்தான். அங்கே கண்ணாடிக் கோபுரம் எழுப்பத் துடித்தவர்களோடு வருஷக்கணக்கில் மல்லுக்கட்டி வாங்கிய திட்டம்.

குழியில் ஊறும் நீரை இறைத்துக்கொண்டிருந்த பம்பின் பக்கம் போனாள். குழாய் கக்கிய தண்ணீர் கலங்கலாக இருந்தது. கையில் ஏந்தினாள். நீர் வழிந்த பிறகு விரலிடுக்கில் மணல் தங்கியது. பம்பு தண்ணீரை மட்டும் இழுக்கவில்லை. கட்டடத்துக்கு அடியில் இருக்கும் மணலையும் சேர்த்து இழுத்துக்கொண்டிருந்தது.

பம்பை உடனே நிறுத்தச் சொன்னாள். வேலையைப் பார்த்துக்கொண்டிருந்த மேற்பார்வையாளர் அவளை ஒரு மாதிரிப் பார்த்தார். நிறுத்தினால் குழி நிரம்பிவிடும், இத்தனை நாள் பட்ட பாடெல்லாம் வீண் என்றார். நிரம்பட்டும், அந்தத் தண்ணீரின் பாரம்தான் இப்போது மண்ணைத் தாங்கிப் பிடிக்கும் என்றாள் அவள். அவர் அலுவலக இயக்குநரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுவதாகச் சொல்லி போனை எடுத்தார். அவள் காத்திருக்கவில்லை. தானே போய் சுவிட்சை இறக்கிவிட்டாள்.

பம்பின் இரைச்சல் நின்ற அமைதியில், கட்டடத்துக்குள்ளிருந்து ஒரு சத்தம் கேட்டது. கனமான ஆள் பழைய கட்டிலில் புரண்டு படுத்தது போல.

முன்பக்கக் கடையில் மாமா ஒரு ஃப்ரிட்ஜின் முதுகைப் பிரித்து வைத்துக்கொண்டு குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். எல்லோரையும் உடனே வெளியே வரச் சொல்லுங்கள், சாமான் எதையும் எடுக்க வேண்டாம் என்று அவள் ஒரே மூச்சில் சொல்லி முடித்தாள். அவர் பழந்துணியில் கையைத் துடைத்தபடி நிதானமாக எழுந்தார்.

"எத்தனை நாளைக்கு?"

"தெரியாது மாமா."

"பின்தெருக்காரங்களுக்காவது மூணு வாரம்னு சொன்னாங்க. நீ அதுகூடச் சொல்ல மாட்டேங்கற."

பின்தெரு என்ற சொல் அந்தக் கட்டடத்தில் ஒரு கெட்ட வார்த்தை மாதிரி. சின்னவள் இந்த வேலைக்கு வருவதற்கு முன்னால் நடந்தது அது. மராமத்து பார்க்கிறோம், மூன்று வாரம் வெளியே இருங்கள் என்று அலுவலகம் சொன்னது. ஜனங்கள் மாற்றுத் துணியோடு கிளம்பினார்கள். திரும்பி வந்தபோது அவர்கள் வீடு இருந்த இடத்தில் தகர வேலிதான் இருந்தது. இப்போது அவர்கள் ஊருக்கு வெளியே, வேலைக்கு வர இரண்டு பஸ் மாறும் தூரத்தில் இருக்கிறார்கள்.

பேச்சுக்குரல் கேட்டு ஆட்கள் கூடிவிட்டார்கள். மாமா அவர்களைப் பார்த்துச் சொன்னார்: "நம்ம கட்டடத்துக்கு வயசாயிடுச்சாம். முட்டி வலி எல்லாருக்கும்தான் இருக்கு. அதுக்காக உயிரோட பொதைச்சிடுவாங்களா?"

சிரிப்பு எழுந்தது. சின்னவள் கூட்டத்தைப் பார்த்தாள். இன்னும் கொஞ்ச நேரத்தில் விழுந்துவிடும் என்று அடித்துச் சொன்னால் பாதிப் பேராவது பயந்து இறங்குவார்கள். ஆனால் பின்தெருவிலும் யாரோ ஒருவர் அப்படி அடித்துச் சொல்லியிருப்பார்.

"விழும்னு என்னால சத்தியம் பண்ண முடியாது," என்றாள். "விழாதுன்னும் பண்ண முடியாது. அடியில மண்ணு போயிட்டிருக்கு. அதை மட்டும் என் கண்ணால பாத்தேன்."

"மச்சினிச்சியா வந்து சொல்றியா, ஆபீசரம்மாவா வந்து சொல்றியா?"

"உங்களுக்கு எது வசதியோ அப்படி வெச்சுக்குங்க மாமா. முதல்ல வெளிய வாங்க."

அவர் மறுத்துத் தலையை ஆட்டினார். சங்கம் கூடிப் பேசாமல் ஒரு குழந்தைகூட வாசற்படி தாண்டாது என்றார். அவர் அப்படிச் சொல்லும்போதே மேலேயிருந்து கதவை யாரோ தட்டும் சத்தம் வந்தது. வெளியிலிருந்து தட்டுவது போல இல்லை. உள்ளேயிருந்து தட்டுவது போல இருந்தது.

மூன்றாம் மாடியில் தனியாக இருந்த டைப்பிஸ்ட் அம்மாள்தான் அது. வேலையிலிருந்து ஓய்வு பெற்றும் அந்தப் பெயர் ஓய்வு பெறவில்லை. காலையிலிருந்தே கதவு முரண்டு பிடிக்கிறது, பூட்டுதான் கெட்டுவிட்டது என்று நினைத்தேன், இப்போது அசையவே மாட்டேன் என்கிறது என்று உள்ளேயிருந்து சொன்னாள். குரலில் அழுகை இல்லை. எரிச்சல்தான் இருந்தது.

மாமா கடப்பாரையோடு ஏறினார். சின்னவளும் பின்னாலேயே போனாள். அவர் முதலில் பூட்டைத்தான் பார்த்தார். பூட்டு நன்றாகத் திறந்தது. கதவுதான் வரவில்லை. நிலையின் மேல்பக்கம் ஒரு மூலையில் கதவைக் கடித்துப் பிடித்திருந்தது. எதிர்மூலையில் உள்ளங்கை நுழையும் அளவு இடைவெளி. நேராக இருந்த நிலை ஒரு பக்கமாகச் சரிந்திருந்தது.

மாமா அந்த இடைவெளிக்குள் கையை விட்டு எடுத்தார். அவர் முகத்தில் இருந்த நையாண்டி போன இடம் தெரியவில்லை.

கடப்பாரையை நெம்பி, இரண்டு பேருமாகத் தோள் கொடுத்து இடித்ததில் கதவு பிளந்துகொண்டு திறந்தது. டைப்பிஸ்ட் அம்மாள் செருப்பை மாட்டிக்கொண்டு தயாராக நின்றாள். படிக்கட்டில் இறங்கும்போது மாமா யாரிடமும் யோசனை கேட்கவில்லை. ஒவ்வொரு மாடியிலும் நின்று, அடுப்பை அணைத்துவிட்டு அப்படியே இறங்குங்கள் என்று மட்டும் சொன்னார். இரவுப் பணி முடித்துத் தூங்கிக்கொண்டிருந்த அக்கா, கலைந்த தலையோடு வெளியே வந்தாள். ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருப்பவள். ஏன், எதற்கு என்று ஒரு கேள்வியும் கேட்காமல், நடக்க முடியாதவர்களை யார் யார் தூக்குவது என்று பிரித்துவிட ஆரம்பித்தாள்.

எல்லோரும் தெருவுக்கு வந்து சேர்ந்தபோது எதிரே பஸ்கள் வந்து நின்றன. மேற்பார்வையாளர் போனில் சொல்லி இயக்குநர் அனுப்பியவை. ஊர்க்கோடியில் ஒரு பள்ளிக்கூடத்தில் தங்க வைக்கச் சொல்லியிருந்தார். பஸ்களைக் கண்டதும் கூட்டம் அப்படியே உறைந்தது. ஒரு பெண் குழந்தையை இடுப்பில் ஏற்றிக்கொண்டு கட்டடத்தை நோக்கித் திரும்பி நடக்கத் தொடங்கினாள். வேறு சிலரும் அவள் பின்னால் போனார்கள்.

மாமா சின்னவளின் பக்கத்தில் வந்து நின்றார். குரலைத் தாழ்த்தித்தான் பேசினார்.

"ஏறினா போச்சு. எங்க கண்ணுக்கு இந்தக் கட்டடம் தெரியணும். அது தெரியற இடமா ஒண்ணு சொல்லு, எல்லாரையும் நான் கூட்டிட்டு வரேன்."

திடலின் கடைசியில், குழிக்கு வெகு தூரத்தில், பஸ்களைப் பழுதுபார்த்த பழைய கொட்டகை ஒன்று இருந்தது. இடிக்காமல் பின்னால் சந்தையாக்கிக்கொள்ளலாம் என்று திட்டத்தில் விட்டு வைத்தது. சாவி அவளிடம் இருந்தது. திறக்கும் அதிகாரம் இல்லை. அவள் திறந்தாள். பஸ்களைத் திருப்பி அனுப்பினாள். போனில் இயக்குநரின் பெயர் மின்னி மின்னி அணைந்தது. எடுத்தால் வேண்டாம் என்பார். அதனால் எடுக்கவில்லை.

வெளிச்சம் மங்கும் நேரத்தில் கட்டடத்தின் மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவர் பின்பக்கமாகப் பெயர்ந்து குழிக்குள் விழுந்தது. ஏறியிருந்த தண்ணீர் மேலே தெறித்தது. கட்டடம் நின்றது. கொட்டகையிலிருந்து எல்லோரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பார்வையை எடுத்தால் விழுந்துவிடும் என்பது போல.

மறுநாள் காலையிலும் அது நின்றது.

இயக்குநர் வந்தார். திட்டுவார் என்று நினைத்தாள். திட்டவில்லை. அவளைத் தனியே அழைத்துப்போய், நல்ல நேரத்தில் நல்ல முடிவு எடுத்தாய் என்று பாராட்டினார். பிறகு விஷயத்துக்கு வந்தார். கட்டடம் பழசு, தானாகவே தளர்ந்துவிட்டது, குடியிருக்க லாயக்கில்லை என்று அவள் அறிக்கை கொடுத்தால் போதும். ஆட்கள்தான் வெளியே வந்துவிட்டார்களே, இடித்துவிடலாம். குழியின் மேல் யாரும் குறை சொல்ல மாட்டார்கள். அவளுடைய தொட்டியும் மரங்களும் பிழைத்துக்கொள்ளும்.

"ஒரு கட்டடத்துக்காக மொத்தத் திட்டத்தையும் காவு குடுக்கப் போறியாம்மா?" என்றார். மகளிடம் பேசுவது போலத்தான் கேட்டார்.

அவர் சொன்னதில் பொய் இல்லாத பகுதிதான் அவளை உலுக்கியது. தொட்டி வந்தால் இந்த வட்டாரத்தில் எத்தனையோ வீடுகளில் வெள்ளம் ஏறாது. திட்டம் கவிழ்ந்தால் கோபுரக்காரர்கள் வரைபடத்தோடு வாசலில் நிற்பார்கள். ஆனால் கட்டடம் தானாகத் தளரவில்லை. குழியைச் சுற்றி நான்கு பக்கமும் மண்ணுக்குள் ஆழமாகத் தடுப்புச் சுவர் இறக்கிய பிறகுதான் தண்ணீர் இறைக்க வேண்டும் என்று அவள் வரைந்திருந்தாள். மூன்று பக்கம் முடிந்தது. கட்டடத்தை ஒட்டிய நாலாவது பக்கத்தை, மழைக்காலத்துக்குள் தோண்டி முடிக்க வேண்டும் என்ற அவசரத்தில், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று போன மாதக் கூட்டத்தில் தள்ளிப் போட்டார்கள். இயக்குநர் கேட்டார், அவள் சரி என்றாள்.

கொட்டகையில் ஜனங்கள் பதிலுக்குக் காத்திருந்தார்கள். இயக்குநர் அவர்களிடம் இதமாகப் பேசத் தொடங்கினார். உயிர் பிழைத்ததே பெரிது, பழைய கட்டடங்களின் நிலைமை இதுதான் என்றார். சின்னவள் பக்கவாட்டில் நின்றிருந்தாள். பிறகு முன்னால் வந்தாள்.

"கட்டடத்து மேல தப்பில்ல," என்றாள். "அந்தப் பக்கம் சுவர் இறக்காமலே தண்ணிய இறைச்சோம். அதனாலதான் அடிமண்ணு போச்சு. வேண்டாம்னு நான் சொல்லியிருக்கணும். நானும் சரின்னுட்டேன். ஒரு மூலை அஸ்திவாரத்தைப் பலப்படுத்தினா கட்டடம் நிக்கும். இடிக்க வேண்டியதில்ல."

இயக்குநர் அவளைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கைக்கடிகாரத்தைப் பார்த்தார். கூட்டத்திலிருந்து ஒரு குரல், அப்படியானால் நேற்று நாங்கள் செத்திருந்தால் என்று ஆரம்பித்துப் பாதியில் நின்றது. சின்னவள் மாமாவைப் பார்த்தாள். அவர் எழுந்து வெளியே போய்விட்டார்.

அவளுக்கு அது எல்லாவற்றையும்விட வலித்தது.

அந்த வாரமே அவளைத் தெருவிளக்குப் பிரிவுக்கு மாற்றினார்கள். வாய் கொழுப்பு என்று அலுவலகத்தில் பேசிக்கொண்டார்கள். ஆனால் அத்தனை பேர் காதில் விழுந்ததை யாராலும் திரும்ப அள்ளி எடுக்க முடியவில்லை. சங்கம் விடாப்பிடியாக நின்று வெளியிலிருந்து வேறு பொறியாளர்களை வரவழைத்தது. அவர்களும் மூலையைப் பலப்படுத்தினால் போதும் என்றார்கள். வேலை மாதக்கணக்கில் இழுத்தது. அதுவரை ஜனங்கள் கொட்டகையிலேயே தட்டி கட்டிக்கொண்டு கிடந்தார்கள். சளியும் சண்டையும் பஞ்சமில்லாமல் இருந்தன. இரண்டு குடும்பங்கள் பொறுக்க முடியாமல் வேறு இடம் தேடிப் போய்விட்டன. மாமா அவளோடு பேசவில்லை. அக்கா மட்டும் இரண்டு பக்கமும் தூது போய் அலுத்துப்போனாள். நடந்து நடந்து எனக்கே முட்டி தேய்ந்துவிட்டது, நீங்களே பேசித் தொலையுங்கள் என்று கடைசியில் விட்டுவிட்டாள்.

எல்லோரும் வீடு திரும்பிய நாளில் சின்னவளை யாரும் அழைக்கவில்லை. வேலை முடிந்து அவளாகவே போனாள். வாசலில் கட்டிலும் பாத்திரமும் பீரோவும் குவிந்து கிடந்தன. அவள் எதிர்ப்பக்க நடைபாதையிலேயே நின்றாள். மாமா ஒரு ஃப்ரிட்ஜைக் கயிறு போட்டுக் கட்டிக்கொண்டிருந்தார். நிமிர்ந்து அவளைப் பார்த்தார்.

"அங்க நின்னு என்ன பாக்கற? நிக்குதா விழுதான்னா?"

அவள் நடைபாதையிலிருந்து இறங்கினாள்.

"இதுல ஒரு பக்கம் பிடி. மேல ஏத்தணும்."

கைப்பையைத் தோளில் குறுக்கே போட்டுக்கொண்டு போய்ப் பிடித்தாள். முதல் மாடித் திருப்பத்தில் இறக்கி வைத்து மூச்சு வாங்கினார்கள். மாமா வியர்வையைத் துடைத்தார்.

"அன்னிக்கு நீ அவ்வளவு பேர் நடுவுல சொன்னப்ப உன்னை அறையலாம் போல இருந்துச்சு," என்றார். "உங்கக்கா இந்தக் கட்டடத்துலதானே தூங்கிட்டிருந்தா. அதை நெனைச்சா இப்பவும் கோவம் வருது."

"தெரியும் மாமா."

அவர் கயிற்றின் முடிச்சை இறுக்கினார். "அடுத்த வாரம் மறுபடி குழி வேலை ஆரம்பிக்கறாங்க. நாலு பக்கமும் ஒழுங்கா சுவர் இறக்கறாங்களான்னு சங்கத்துல இருந்து ஒரு ஆள் தினமும் போய்ப் பாக்கணும்னு எழுதி வாங்கியிருக்கோம். எங்க ஆளுங்களுக்குச் சுவருக்கும் சேத்துக்கும் வித்தியாசம் தெரியாது."

"நான் இப்ப தெருவிளக்குல இருக்கேன்."

"விளக்கு சாயங்காலம்தானே எரியுது. காலைல வா."

அவளுக்குச் சிரிப்பு வந்தது, கண்ணும் கரித்தது. இரண்டையும் மறைக்கக் குனிந்து தன் பக்கத்து விளிம்பைப் பற்றினாள். மேலே அக்கா கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, சுவரில் இடிக்காமல் கொண்டு வாருங்கள், இப்போதுதான் வெள்ளையடித்திருக்கிறது என்று அதட்டினாள். இரண்டு பேரும் ஒன்றாகத் தம் கட்டித் தூக்கினார்கள்.