ஏழாம் ஈட்டுத் தட்டு

எழுபத்தெட்டாம் வருஷம், நன்னிலத்துக்குப் பக்கத்து நவீன அரிசி ஆலையில் காலை ஷிப்டுக்குத் தரம் பார்ப்பவள் அம்சம். அவர்கள் தெருவில் சேற்றில் இறங்காத வேலைக்குப் போன முதல் ஆள். வேலை நிரந்தரமாக இன்னும் ஒரு வாரம்தான் பாக்கி. அந்த நேரம் பார்த்தா ஒருத்தி வம்பை விலைக்கு வாங்குவாள்? அம்சம் வாங்கினாள். அன்றைய ஏழாவது ஈட்டு அரிசியை, அதாவது ஏழாவது தடவையாக அவித்து அரைத்ததை, மூட்டை பிடிக்க விடாமல் நிறுத்திவிட்டாள்.

"வேக்காடு பத்தல சார். அரிசி நடுவுல வெள்ளை நிக்குது," என்றாள் போர்மேன் பஞ்சநதத்திடம்.

அவசரப்பட்டு நெல் அவிக்கும் நீராவியைச் சீக்கிரமே அடைக்கச் சொன்னவர் அவர்தான். அதனால் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"கூலி கேட்டு அறுப்பை நிறுத்துன ஆளோட பொண்ணுதானே நீ. இங்கயும் நிறுத்த வந்துட்டியா?"

"அப்பா நியாயத்துக்குத்தான் நிறுத்துனாங்க சார். நானும் அதுக்குத்தான்."

 பஞ்சநதம் மண்டல அதிகாரி லியாகத் அலிக்குப் போன் போட்டார். ஏழு ஈடும் ஒரே அரிசிதான், இந்தப் பெண் வேண்டுமென்றே வம்பு செய்கிறது என்றார். முந்தைய ஆறு ஈடும் லாரி ஏறிவிட்டன. ஒப்பிட்டுப் பார்க்க இருந்தவை, ஈட்டுக்கு ஒன்றாக அவள் எடுத்து வைத்த மாதிரித் தட்டுகள் மட்டுமே.

வழக்கமாக இரண்டு மணிச் சங்குக்கு முன்பே தட்டுகளை அலமாரியில் பூட்டிவிடுவாள். அன்றைக்கு இருந்த படபடப்பில் மறந்துபோனாள். சங்கு ஊதியது, மதிய ஷிப்ட் ஆட்கள் உள்ளே வந்தார்கள். புழுங்கலரிசியைக் கண்டால் ஒரு பிடி அள்ளி வாயில் போடாமல் நகர்கிற ஆள் இந்தச் சீமையில் இன்னும் பிறக்கவில்லை. வந்து இறங்கிய அதிகாரியை அழைத்துக்கொண்டு அம்சம் உள்ளே வந்தபோது முதலில் கண்ணில் பட்ட தட்டுகள் துடைத்துவைத்ததுபோல் பளபளத்தன. போச்சு, வேலை போச்சு என்று அவளுக்கு அழுகை முட்டியது.

"பாத்தீங்களா சார், ஒப்பிட மாதிரியே இல்ல," என்றார் பஞ்சநதம் மனம் குளிர்ந்துபோய்.

லியாகத் அலி தட்டுகளை எண்ணினார். ஆறு காலி. ஏழாவது மட்டும் நிறைந்திருந்தது, ஓரத்தில் ஒரு பிடி அள்ளிய பள்ளத்தோடு. பக்கத்தில் கலந்தர் என்கிற சுமைக்காரர் இன்னும் மென்றுகொண்டிருந்தார்.

"இதை ஏன்ப்பா விட்டுட்டீங்க?"

கலந்தர் அவசரமாக விழுங்கினார். "அது வாயில வைக்க விளங்கல சார். நடுவுல மாவா இருக்கு. துப்பிட்டேன்."

அதிகாரி இரண்டு அரிசியைக் கடித்துப் பார்த்தார். அவரும் துப்பினார். பிறகு பஞ்சநதத்தின் பக்கம் தட்டை நீட்டினார். போர்மேன் தட்டைத் தொடாமல் ஓரடி பின்னால் நகர்ந்தார்.

"இந்த ஈட்டை ஒதுக்கி வைங்க. அம்சம், உன் வேலை நிரந்தரப் பேப்பரைக் கொண்டா, கையெழுத்துப் போடுறேன்."

அம்சத்துக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. மறுநாளிலிருந்து மாதிரிகளை நேரத்துக்குப் பூட்டினாள். ஆனால் சங்கு ஊதும்போது, கடைசி ஈட்டில் எடுத்த அரிசியை ஒரு பெரிய தட்டு நிறைய வெளியில் வைப்பாள். கால் மணி நேரத்தில் அது காலியாகவில்லை என்றால் போர்மேனைத் தேடிக்கொண்டு கிளம்பிவிடுவாள்.