மூன்றாவது கேள்விக்குப் பதில் இல்லை

பரிசோதனைக் கூடத்தில் ரத்த மாதிரிக் குழாய்களை எண் பார்த்து வாங்கி வைப்பது என் வேலை. தற்காலிகம்தான். பட்டியலில் டிக் விழாத வரி என்றால் குழாய் காணவில்லை என்று அர்த்தம், கூடத்தையே தலைகீழாக்கிவிடுவேன். அந்தப் பழக்கத்தில் அக்காவுக்கும் எண் போட்டுத்தான் மெசேஜ் அனுப்புவேன்.

கூடப் பிறந்த அக்கா இல்லை, விடுதியில் சீனியர். எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். எந்தக் கட்டத்தில் என்ன எழுதுவது என்று விண்ணப்பம் நிரப்பக் கற்றுக்கொடுத்ததே அவள்தான். இப்போது பெரிய ஆஸ்பத்திரி லேபில் நிரந்தர வேலையில் இருக்கிறாள். அங்கே ஓர் இடம் காலி. உள்ளே வேலை செய்பவர் யாராவது சிபாரிசுக் கையெழுத்துப் போட வேண்டும். ஒருவர் ஒரு ஆளுக்குத்தான் போடலாம்.

‘1. சளி சரியாயிடுச்சா? 2. பாப்பா ஸ்கூல் போறாளா? 3. என் ஃபார்ம்ல கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டியாக்கா? 4. ஞாயித்துக்கிழமை வரவா?’

பதில் வந்தது. ‘1. சளி விட்டுடுச்சு, இருமல்தான் உயிரை வாங்குது. 2. அழுதுக்கிட்டே போறா. 4. வா வா.’

மூன்று இல்லை. அவசரத்தில் விட்டிருப்பாள் என்று நினைத்தேன். அந்த லேபிலிருந்து குழாய்கள் கொண்டுவரும் அண்ணன், “நான் வேணா கையெழுத்துப் போடட்டுமாம்மா?” என்று கேட்டபோதுகூட, “எங்க அக்கா இருக்காங்கண்ணே” என்று பெருமையடித்தேன்.

விண்ணப்பிக்கக் கடைசி நாள் மாலை அந்த ஆஸ்பத்திரிக்கே நேரில் போனேன். கிளார்க் ஃபார்ம் கட்டைப் புரட்டிவிட்டு உதட்டைப் பிதுக்கினார். “உன் பேர்ல எதுவும் வரலையேம்மா.” அக்காவின் கையெழுத்து இருந்தது. அவளுடைய நாத்தனார் ஃபார்மில். தேதி, எனக்கு ‘வா வா’ அனுப்பியதற்கு முந்தின நாள்.

கை கழுவும் இடத்தில் அவளைப் பிடித்தேன்.

“எப்பிடிடி சொல்றது? அவரு வீட்டுல ஒரே நச்சரிப்பு. உன்கிட்ட சொல்ல மனசு வரல.”

“இருமலைப் பத்தி எழுத மட்டும் மனசு வந்துச்சா?”

“நீ மனசு ஒடஞ்சு போயிடுவியேன்னு…”

“அன்னிக்கே இல்லன்னு சொல்லியிருந்தா வேற ஆள்கிட்ட வாங்கியிருப்பேன்க்கா. நல்லவளாவும் இருக்கணும், நாத்தனாருக்கும் வேலை வாங்கிக் குடுக்கணும். அதுக்கு நான் ஏமாளியா?”

அவள் குழாயைத் திறந்து, கழுவிய கையையே மறுபடி கழுவினாள்.

பஸ்ஸில் அம்மாவின் குரல் செய்தி. “சாப்ட்டியா கண்ணு? அந்த வேலை என்னாச்சு?” பட்டனை அழுத்திப் பிடித்து, “சாப்ட்டேம்மா” என்றேன். விரல் தானாகப் பட்டனை விட்டு விலகப் பார்த்தது. ஒரு கேள்வியை விட்டுவிடுவது எவ்வளவு சுலபம்! அதை நினைத்ததும் இன்னும் ஆத்திரமாக வந்தது. விரலை எடுக்காமல், “வேலை கிடைக்கலம்மா. அக்கா வேற ஆளுக்குக் கையெழுத்துப் போட்டுட்டா” என்று பக்கத்து சீட்டுக்காரர் திரும்பிப் பார்க்கும்படி சொல்லி முடித்தேன்.

இறங்கும்போது அக்காவின் மெசேஜ். ‘கோவமாடி? ஞாயித்துக்கிழமை வருவல்ல?’

‘1. ஆமா. 2. வரமாட்டேன்.’