பெயர்கள் ஓடிய பிறகு

திரையில் பெயர்கள் ஓடத் தொடங்கியதுமே ஜனம் எழுந்து போய்விட்டது. ஜனம் என்றால் பத்துப் பதினொரு பேர். கதவோரம் துடைப்பத்தோடு நின்ற தனக்கோடிக்கு அதை எண்ணிப் பார்க்கவும் பொறுமை இல்லை. முன்பெல்லாம் இந்த மாதிரிப் படத்துக்கு ஒருவரும் நகர மாட்டார்கள். பறக்கிற வீரன் உலகத்தைக் காப்பாற்றித் தொலைத்த பிறகும், பெயர்கள் ஓடி முடிந்ததும் ஒரு குட்டிக் காட்சி வரும், அடுத்த படத்துக்குத் தூண்டில். அதற்காக முந்நூறு பேரும் பாப்கார்னை மென்றபடி உட்கார்ந்திருப்பார்கள். அது முடியும்வரை உள்ளே போகக் கூடாது என்பது அந்த பெங்களூரு மால் தியேட்டரின் சட்டம். அடுத்த காட்சிக்கு மிச்சமிருக்கும் எட்டு நிமிடத்தில் மொத்தத்தையும் கூட்டியாக வேண்டும். ஆறு வருஷமாக அவள் இடுப்பு ஒடிந்தது அந்த வீரனால்தான். உன் படத்துக்கு ஒரு நாய்கூட வராமல் போக என்று அவள் சபிக்காத வெள்ளிக்கிழமை இல்லை.

சாபம் பலித்துவிட்டது. காலையில் மேனேஜர் அபினவ் கூட்டுகிற நாலு பெண்களையும் நிற்கவைத்து, "ஜனத்துக்கு சலிச்சுப்போச்சுக்கா. திங்கள்லேர்ந்து மூணு பேர், அஷ்டே, அவ்ளோதான். யார் மேல கம்ப்ளெய்ண்ட் வருதோ அவங்க நின்னுக்கணும்" என்றான். ஜீவனஹள்ளி வீட்டில் இவள் ஒருத்தி சம்பாத்தியத்தில் மூன்று பேர் சாப்பிடுகிறார்கள். தன் பிழைப்பில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டோமே என்று வயிறு எரிந்தது. அந்த எரிச்சலில்தான், பெயர்கள் ஓடிக்கொண்டிருக்கும்போதே உள்ளே போய் விளக்கைப் போட்டாள்.

"ஏய், யாரும்மா அது? லைட்ட ஆஃப் பண்ணு!"

கடைசி வரிசையில் ஒருவர் உட்கார்ந்திருந்தார். நரைத்த தாடி, மார்பில் அந்த வீரனின் முத்திரை போட்ட டீ-ஷர்ட்.

"எல்லாரும் போய்ட்டாங்கன்னு நெனச்சேன் சார்."

"நான் மனுஷனா தெரியலையா? இன்னும் சீன் இருக்கு. படிக்காததுங்கள வேலைக்கு வெச்சா இப்படித்தான். பேரென்ன?"

பேரைச் சொல்லிவிட்டு விளக்கை அணைத்தாள். நாக்கு நுனிவரை வந்த மன்னிப்பை விழுங்கினாள். அவர் குனிந்து செல்போனில் தட்டத் தொடங்கினார். தட்டினார், அழித்தார், கடுகடுவென்று மறுபடி தட்டினார்.

அப்போது அந்தக் காட்சி வந்தது. இசை இல்லை, பேச்சு இல்லை. செத்துப்போன வீரன் பாழுங்கிணற்றின் அடியில் கண்ணைத் திறந்தான், அவ்வளவுதான். கதவுக்கு வெளியே விசில் சத்தத்தை மட்டுமே கேட்டிருந்த தனக்கோடி, ஆறு வருஷத்தில் முதன்முறையாக அதைப் பார்த்தாள். இதற்கா என்று இருந்தது. செல்போனில் குனிந்திருந்த அந்த ஆளிடம் சொல்லலாம். சொல்லவில்லை.

அவர் நிமிர்ந்தபோது திரை இருண்டிருந்தது.

"வந்துடுச்சா?"

"இன்னும் இல்ல சார். உக்காருங்க."

அவர் சாய்ந்து உட்கார்ந்தார். அவள் இடுப்பில் இருந்த வாக்கி டாக்கியில் அபினவ், "தனக்கோடிக்கா, ஆபீசுக்கு வாங்க" என்றான். அவள் முன்வரிசையிலிருந்து கூட்ட ஆரம்பித்தாள். பின்னால் அந்த ஆள், ஒன்றுமில்லாத திரையைக் கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தார்.